நின்று தூங்க ஒரு மெத்தை

மெத்தைக்கடைக்கும் என் ஸ்டவ் ரிப்பேர் கடைக்கும் நடுவே ஒரு கைவண்டி போகிற அகலம்தான். அவர் பஞ்சு அடித்தால் அது என் டீயில் வந்து மிதக்கும். நான் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பார்த்தால் மண்ணெண்ணெய் வாடை அவர் வீட்டுச் சோற்றில் ஏறும். இருபது வருஷமாக இதைச் சொல்லி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நன்றாகவே இருந்தோம். முன்பக்கம் கடை, பின்பக்கம் ஒரே அறை, அதுதான் அவர்கள் வீடு. பிள்ளை குட்டி கிடையாது. புருஷன் பஞ்சு அடிப்பார், பெண்சாதி தைப்பாள். இரண்டு பேர் தலையிலும் எப்போதும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் கல்யாணம் ஆன வாரத்திலிருந்தே கிழவன் கிழவி மாதிரிதான் தெரிந்தார்கள்.

அந்த மெத்தைக்காரர் ஆளைச் சாய்ப்பதில் கெட்டிக்காரர் என்று வெளியாரிடம் சொன்னால் சிரிப்பார்கள். பார்க்க அவ்வளவு ஒல்லி. மரவாடிக்குப் பின்னால் ஒரு மைதானம் உண்டு. மாதத்தில் ஒரு விடுமுறை நாள் அங்கே வெறுங்கைச் சண்டை நடக்கும். கையுறை கிடையாது, மணி கிடையாது. ஒருவன் விழுந்தால் அந்தச் சுற்று முடிந்தது. நான் முப்பது எண்ணுவதற்குள் அவன் எழுந்து நடுக்கோட்டுக்கு வந்துவிட்டால் அடுத்த சுற்று. வராவிட்டால் ஆட்டமே முடிந்தது. அடி படாமல் தானாக விழுந்தால் செல்லாது. விதி இவ்வளவுதான். நடுவர் நான். எனக்குச் சண்டை போடத் தெரியாது, சத்தம் போடத் தெரியும் என்கிற ஒரே தகுதிதான்.

மெத்தைக்காரர் முகத்தில் குத்தவே மாட்டார். "மண்டை எலும்பு கல்லு அண்ணே. வெறுங்கையால அதுல குத்தினா உடையறது என் கைதான். அப்புறம் பஞ்சை நீங்க வந்து அடிப்பீங்களா?" என்பார். அவருக்கு வேண்டியது உடம்பு. முகத்துக்கு ஒரு பொய்க்குத்துக் காட்டுவார். எதிராளி பதறிக் கையைத் தூக்குவான், முழங்கை விலாவை விட்டு ஒரு சாண் விலகும். அந்த ஒரு சாண் போதும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி இறங்குவார். முழங்கை தன் இடுப்போடு ஒட்டியிருக்க, கட்டைவிரல் மேலே பார்த்திருக்க, இடுப்பைத் திருப்புவார். கை தனியாகப் போகாது. பாதத்தில் கிளம்பியதை வெளியே விடுகிற வாசல் மட்டும்தான் கை. அதுவும் எதிராளி மூச்சை உள்ளே இழுத்து வயிறு தளர்ந்திருக்கிற நேரம் பார்த்துத்தான் விடுவார்.

நெஞ்சுக்குழியில் பட்டால் மூச்சு நிற்கும். இடதுபக்கக் குட்டை விலாவில் பட்டால் ஆள் ஒரு மாதத்துக்கு இருமுவான். வலதுபக்கம், கடைசி விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்கிற இடம்தான் விசேஷம். அங்கே பட்டது உடனே வேலை செய்யாது. அடி வாங்கியவன் ஒன்றும் ஆகாதவன் மாதிரி நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு மூச்சு கழியும். பிறகு எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தவன் மாதிரி முகம் மாறும். புத்தி தெளிவாக இருக்கும், கால் மட்டும் இருக்காது. பக்கத்தில் நின்று அந்த முகத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அது எனக்குப் பழகவில்லை.

அவர் பயிற்சி செய்வதற்கும் அகப்பட்டவன் நான்தான். நாலு விரல் கனத்துக்கு ஒரு மெத்தையை உத்தரத்தில் தொங்கவிட்டு, அதன் பின்னால் என்னைச் சாய்ந்து நிற்கச் சொல்வார். முன்னாலிருந்து குத்துவார்.

"வந்துச்சா அண்ணே?"

"வரல."

"இப்போ?"

"பஞ்சு அசைஞ்சுது."

"இப்போ?"

"வந்துச்சுப்பா, வந்துச்சு. விட்டுடு. எனக்கும் ஈரல் ஒண்ணுதான் இருக்கு."

அவர் மனைவி உள்ளே உட்கார்ந்து தைத்தபடி, "அண்ணனுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஸ்டவ்வை யார் பார்க்கறது? கொஞ்சம் மேலயே குத்துங்க" என்று என்மேல் ரொம்பக் கரிசனமாகச் சொல்வாள்.

ஒரு மழைக்காலத்தின் முதல் மாதத்தில் மெத்தைக்காரரும் தூணும் மோதினார்கள். தூண் என்பது பட்டப்பெயர். மரவாடியில் மரம் சுமக்கிறவர். ஐம்பது வயதிருக்கும், தனிக்கட்டை. மைதானத்தில் அவர் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. மெத்தைக்காரரும் விழுந்ததில்லை. விழாத இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்க்க மரவாடி ஆட்கள் அத்தனை பேரும் மரக்குவியல் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஒரே சுற்றாகப் போனது. வானம் கறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் மெத்தைக்காரர் முகத்துக்குக் கை காட்டினார். தூணின் வலது முழங்கை விலகியது, மெத்தைக்காரரின் இடது கை உள்ளே போனது. ஈரச் சாக்கு மூட்டை தரையில் விழுகிற மாதிரி ஒரு சத்தம்.

தூண் விழவில்லை. ஒரு மூச்சு கழிந்தது. இரண்டு, மூன்று, நாலு மூச்சு கழிந்தது. மெத்தைக்காரர் கையைத் தொங்கப்போட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மழை கொட்ட ஆரம்பித்தது. எனக்கு மழையில் நனைந்தால் மூன்று நாளைக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். "நிறுத்துங்க! யாரும் விழல! ஆட்டம் அப்படியே நிக்குது. யாராவது ஒருத்தர் விழுற வரைக்கும் ஆட்டம் முடியல, அவ்வளவுதான், எல்லாரும் வீட்டுக்குப் போங்க!" என்று வாயில் வந்ததைக் கத்திவிட்டு ஓடினேன். இவ்வளவுக்கும் காரணம் அந்த ஒரு வாய்தான். யாரிடமும் இதை மறைத்ததில்லை.

குறி தப்பிவிட்டது, மெத்தைக்காரருக்கு வயதாகிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலையில் அவர் மனைவி என் கடைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, அன்னிக்கு அந்த அடி பட்டுதா, தப்பிப்போச்சா?"

"ஏன் கேட்கறே?"

"சாப்பிட மாட்டேங்கறார். இடது கையை அரை மணிக்கு ஒரு தடவை கழுவறார். கேட்டா, பட்டுச்சு, கை சொல்லுதுங்கறார். பட்டிருந்தா அந்த மனுஷன் விழுந்திருக்கணுமே?"

"விழுந்திருக்கணும்தான்."

"அப்ப அந்த அடி எங்க போச்சு?"

அடைப்பே இல்லாத பர்னரை ஸ்டவ் ஊசியால் குத்திக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் தூண் வந்தார். விடிந்ததிலிருந்து தூறல், தெருவே சாம்பல் நிறம். மெத்தைக்கடை வாசலில் அவர் எப்போது வந்து நின்றார் என்று நான் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது நின்றுகொண்டிருந்தார். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. வலது கையை விலாவோடு அணைத்துப் பிடித்திருந்தார். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போனேன்.

மெத்தைக்காரர் பஞ்சடிக்கிற கோலைக் கீழே வைத்தார். அவர் மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காருங்க அண்ணா" என்றாள்.

"வேண்டாம்மா. உட்கார்ந்தா சாயத் தோணும். சாஞ்சா படுத்துருவேன்."

"படுத்தா என்ன?"

தூண் என்னைப் பார்த்தார். "நடுவர் இருக்காரே, கேளு. ஆட்டம் நிக்குது. கடைசியா அடி வாங்கினவன் நான், என் உடம்பு தரையில பட்டா நான் விழுந்தவன். நான் அன்னிலேருந்து படுக்கல."

எனக்கு வியர்த்துவிட்டது. "அட என்னப்பா, நான் ஏதோ மழை அவசரத்துல சொன்னேன். அதைப் போய்ப் பிடிச்சுக்கிட்டு... ஆறு நாளாவா படுக்கல?"

"கதவுக்கும் சுவத்துக்கும் நடுவுல நின்னுக்குவேன். கொஞ்சம் கண்ணசரும். முதுகு வலிக்குது. அதான் வந்தேன்." அவர் மெத்தைக்காரர் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை, ஏதோ பழைய சிநேகிதரிடம் பேசுகிற மாதிரி பேசினார். "தம்பி, சுவத்துல மாட்டற மாதிரி எனக்கு ஒரு மெத்தை வேணும். நின்னுக்கிட்டே தூங்கணும். வலது பக்கம், இந்த இடத்துல, ஒரு குழி விட்டுத் தைக்கணும். ஒண்ணும் படக்கூடாது அங்க."

"ரொம்ப வலிக்குதா?" என்றார் மெத்தைக்காரர்.

"வலின்னு சொல்ல முடியாது. நீ அடிச்சது இன்னும் வந்து சேரல. உள்ள வந்துக்கிட்டே இருக்கு. நேத்து இங்க இருந்துது, இன்னிக்கு இங்க." விரலால் காட்டினார். இரண்டு இடத்துக்கும் ஒரு விரற்கடை தூரம் இருக்கும்.

அளவெடுக்க மெத்தைக்காரர் மனைவிதான் போனாள். தையல்காரன் முன் நிற்பதுபோல் தூண் கையை விரித்து நின்றார். அவள் நாடாவை முதுகில் வைத்தாள், தோளில் வைத்தாள், குழி விட வேண்டிய இடத்துக்கு வந்ததும் கையைச் சட்டென்று எடுத்துவிட்டாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் வைத்து அளந்தாள். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள். "பலகை மாதிரி இருக்கு அண்ணே. கொதிக்குது. என் கையை உள்ளேர்ந்து ஏதோ தள்ளுச்சு."

"உன் மனப்பிரமை."

"நீங்க போய்த் தொட்டுப் பாருங்களேன்."

நான் போகவில்லை.

அவர் போவதற்கு முன் அவள் விடாமல் வாதாடத்தான் செய்தாள். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது, நானே கூட வருகிறேன் என்றாள்.

"ஆஸ்பத்திரில முதல்ல என்னம்மா சொல்வாங்க? படுங்கன்னு சொல்வாங்க. முப்பது வருஷமா மரம் சுமக்கறேன். என்கிட்ட வேற ஒண்ணும் கிடையாது. வீடு இல்ல, வாசல் இல்ல, எனக்குன்னு ஒருத்தர் இல்ல. விழாதவன்னு ஒரு பேர் இருக்கு. அதை ஒரு டாக்டர் வார்த்தைக்கு விட்டுடவா?"

"நான் சொல்றேன்பா, ஆட்டம் முடிஞ்சது, ரெண்டு பேரும் சமம்" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாயால முடியற ஆட்டமா நடுவரே அது? நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க." சொல்லியிருக்கிறேன்தான். மைதானத்தில் பெரிய நியாயவான் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மூன்று நாளும் அந்த மெத்தை வேலைதான் நடந்தது. ஈரத்தில் பஞ்சு பிரிய மாட்டேனென்றது. கட்டி கட்டியாக வந்ததை மெத்தைக்காரர் விரலால் பிய்த்துப் பிய்த்து உதறினார். என் கடையிலிருந்து இரண்டு ஸ்டவ்வை எடுத்துப்போய் ஏற்றி வைத்தோம், அந்தச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்தது. நிற்கிற மெத்தையில் பஞ்சு கீழே இறங்கிவிடும் என்பதால் சாதாரண மெத்தையைவிட இரண்டு மடங்கு முடிச்சுப் போடவேண்டியிருந்தது. அவர் மனைவி நீள ஊசியை இந்தப் பக்கம் செலுத்துவாள், அவர் அந்தப் பக்கம் வாங்கி இழுத்துக் கொடுப்பார். குழியைச் சுற்றிப் போட்ட முடிச்சு மட்டும் நிற்கவில்லை. சாயங்காலம் போட்டால் காலையில் அறுந்து கிடந்தது. நூலை இரட்டையாக்கினாள், அதுவும் அறுந்தது. மெழுகு தடவிய நூலில் போட்டாள். அது அறுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். யாரும் தொடவில்லை. நடுப்பகலில், நாங்கள் மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, டப்பென்று தெறித்தது.

அவள் தெறித்த நூலை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அவர் செத்துப்போயிடுவாரா?"

"இல்ல" என்றார் மெத்தைக்காரர்.

"உங்க கை என்ன சொல்லுது?"

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"சொல்லுங்க. வேற யாருக்கும் தெரியாது, உங்க கைக்குத்தான் தெரியும்."

"முழுசாப் போச்சு. அப்படி ஒரு அடி இத்தனை வருஷத்துல நான் அடிச்சதில்ல. காலடியிலேர்ந்து போச்சு. தடுக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. அந்த மனுஷன் அப்பவே விழுந்திருந்தா பொழைச்சிருப்பார். விழுந்தா உடம்பு அதை விட்டுடும். இவர் விடாம நின்னுட்டார், அது வெளியே போக வழியில்லாம உள்ளேயே சுத்துது."

"அப்படின்னா?"

"என்னைப் போட்டு ஏன் உயிரை வாங்கறே? நான் வேணும்னா அடிச்சேன்? ஆட்டத்துல அடிச்சேன்!"

"நான் உங்களைக் குத்தம் சொல்லல. அந்த ஆளு போயிட்டா நீங்க இந்தக் கையை வெச்சுக்கிட்டு எப்படிச் சாப்பிடுவீங்க? என்னை எப்படித் தொடுவீங்க? அதைத்தான் கேட்கறேன்." அவள் அழவில்லை. ஊசியைத் தலையணையில் குத்தி வைத்துவிட்டு உள்ளே எழுந்து போனாள்.

தூண் தினமும் மத்தியானம் வந்து பார்ப்பார். வாசலில் நிற்பார், நாங்கள் வேலை செய்வதைப் பார்ப்பார். கொடுக்கிற பாலில் இரண்டு மடக்கு குடிப்பார். அவர் நிற்கும்போது அவர் மூச்சு தெருவின் இந்தப் பக்கம்வரை கேட்டது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருந்த இடைவெளி நாளுக்கு நாள் நீண்டது. அந்த இடைவெளியில் நானும் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் விட்ட பிறகுதான் எனக்கும் மூச்சு வரும். இப்படி இன்னொருவர் மூச்சுக்காகக் காத்திருக்கிற பயம் என் பகைவனுக்கும் வேண்டாம்.

ஒன்பதாம் நாள் மெத்தை முடிந்தது. கடைச் சுவரில் ஆறு ஆணி அடித்து மாட்டினோம். சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தூண் அதில் சாய்ந்து நின்றார். முதுகு மெத்தையில் பட்டதுமே கண் மூடிக்கொண்டது. நின்றபடி தூங்கினார். முழங்கால் இரண்டும் கிடுகிடுவென்று நடுங்கின, ஆனாலும் மடங்கவில்லை. மழை விட்டு வெளிச்சம் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் உதடு நீலமாக இருந்தது. உதடு அசைந்தது. கிட்டே போய்க் கேட்டேன். ஏதோ பேசுகிறார் என்று நினைத்தேன், எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. மறுபடியும் ஒன்று.

மெத்தைக்காரரின் மனைவி புருஷனைப் பார்த்தாள்.

"நீங்க விழுந்துடுங்க."

"என்ன?"

"விழுங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் விழுந்தா ஆட்டம் முடியும். அவர் படுப்பார். அவர் படுத்தா நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுவேன்."

"நான் இதுவரைக்கும் விழுந்ததே இல்ல."

"தெரியும்."

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். விழுங்க."

அவர் வெகுநேரம் நின்றார். அவருக்கும் இருந்தது அந்த ஒரு பேர்தானே. ஒல்லி உடம்பையும் தலையெல்லாம் பஞ்சையும் வைத்துக்கொண்டு தெருவில் நிமிர்ந்து நடந்தது அந்தப் பேரால்தான். பிறகு அவர் மெதுவாக முழங்காலை மடக்கி, தூணின் காலடியில், பஞ்சும் நூலும் கிடந்த தரையில் மல்லாந்து படுத்தார்.

"அண்ணே, கண்ணைத் திறந்து பாருங்க. நான் விழுந்துட்டேன்" என்றார்.

தூண் கண்ணைத் திறந்தார். கீழே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அடி படாம விழுந்தா செல்லாது. நடுவரே, செல்லுமா?"

செல்லும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அவள் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள். இருபது வருஷமாக மைதானத்தில் நின்ற நாக்கு எனக்குத் துரோகம் செய்தது. "செல்லாது" என்றேன்.

"நாசமாப் போங்க, ரெண்டு பேரும்!" என்றாள் அவள். பிறகு மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, துணியில் குறி போடும் வெள்ளைக்கட்டியை எடுத்து, தரையைப் பஞ்சு போகக் கூட்டி, நடுவில் ஒரு கோடு இழுத்தாள். "அப்ப அடிக்கட்டும். அண்ணா, வாங்க கோட்டுக்கு. ஆட்டம் நிக்குதுன்னுதானே சொன்னீங்க? இப்ப நடக்கட்டும்."

தூணின் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது, சொன்னால் நம்பமாட்டீர்கள். மெத்தையை விட்டு விலகி, மூன்று எட்டு வைத்து, கோட்டுக்கு வந்தார். அந்த மூன்று எட்டுக்கு எவ்வளவு நேரமானது என்று சொல்லத் தெரியவில்லை. மெத்தைக்காரர் எழுந்து எதிரே நின்றார். நான் "ம்" என்றேன். சத்தம் போடத் தெரிந்தவனுக்கு அவ்வளவுதான் வந்தது.

மெத்தைக்காரர் வலது கையைத் தூக்கித் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டார். விலா முழுக்கத் திறந்து கிடந்தது. தூணின் இடது கை கிளம்பியது. கிளம்பியது என்று சொல்வதுகூட அதிகம். பால் தம்ளரைத் தூக்கத் தெம்பில்லாத கை அது. மெதுவாக வந்து, பஞ்சு காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி, கடைசி விலாவுக்குக் கீழே பட்டது. சத்தமே இல்லை.

இப்போது விழவேண்டும். மெத்தைக்காரர் விழவில்லை. அவள் கண்ணைக் காட்டினாள். நான் கையால் சைகை செய்தேன். மனுஷன் மறந்துவிட்டாரா, மனம் மாறிவிட்டாரா என்று எனக்குப் பதற்றம். அவர் தூணையே பார்த்தபடி நின்றார். ஒரு மூச்சு கழிந்தது. அவர் முகம் மாறியது. எனக்குத் தெரிந்த அந்த முகம். கால் இரண்டும் போய், பக்கவாட்டில் மடங்கி விழுந்தார்.

நான் எண்ணினேன். தூண் கோட்டைத் தாண்டாமல் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து, இருபது. முப்பது என்று நான் சொன்ன பிறகும் நின்றார்.

"முடிஞ்சுதா நடுவரே?"

"முடிஞ்சுதுப்பா. நீ ஜெயிச்சுட்டே."

அவர் அவள் பக்கம் திரும்பி, "படுக்கலாமாம்மா?" என்று கேட்டார். அதைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன்.

அவள் ஆணியிலிருந்து மெத்தையைப் பிய்த்துத் தரையில் போட்டாள். பிடித்துப் படுக்கவைத்தோம். அவர் தலை மெத்தையில் பட்டதும் அடிவயிற்றிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. ஒன்பது நாளாக அந்த வீட்டுக்குள் நின்ற ஏதோ ஒன்று அந்த மூச்சோடு வெளியே போன மாதிரி இருந்தது. நான் ஓடிப்போய்க் கைவண்டியைக் கொண்டுவந்தேன். மெத்தையின் ஒரு முனையை நான் பிடித்தேன், ஒரு முனையை அவள் பிடித்தாள். கனம் தாங்கவில்லை.

"போதும், எழுந்திருங்க. அவர் பார்க்கல. வந்து ஒரு கை பிடிங்க" என்றாள் புருஷனிடம்.

அவர் அசையவில்லை. முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தார். நெற்றி பூரா வியர்வை.

"என்னங்க? ஆட்டம் முடிஞ்சுது. நடிச்சது போதும்."

"நடிக்கல" என்றார். பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது. "முதல்ல அவரை."

வண்டியில் ஒருவரைத்தான் படுக்கவைக்க முடியும். அவள் புருஷனைப் பார்த்தாள், மெத்தையில் கிடந்தவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்போது ஓடியதை எழுத எனக்குத் தெம்பில்லை. "பிடிங்க அண்ணே" என்றாள். தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தூக்கி ஏற்றினோம். நான் இழுத்தேன், அவள் தூணின் மணிக்கட்டைப் பிடித்தபடி பக்கத்தில் ஓடிவந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் கால் நின்றுவிடும் என்று பயந்திருப்பாள்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தார்கள். ஈரலைச் சுற்றிக் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். இந்த உடம்போடு ஒன்பது நாள் ஒருவர் நடமாடினார் என்பதற்கு எந்த வைத்தியப் புத்தகத்திலும் இடமில்லை என்றார் டாக்டர். சாயங்காலம் வெளியே வந்து, பிழைத்துக்கொள்வார் என்றார். அதைக் கேட்டதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உடனே எழுந்து வீட்டுக்கு ஓடினாள், நானும் பின்னாலேயே ஓடினேன்.

மெத்தைக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாரோ தண்ணீர் கொடுத்திருந்தார்கள். "பொழைச்சுட்டார்" என்று அவள் சொன்னாள். அவர் இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"எங்க வலிக்குது, காட்டுங்க" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

அவர் சட்டையைத் தூக்கினார். வலதுபக்கம் கடைசி விலாவுக்குக் கீழே நாலு விரல் முட்டியும் தனித்தனியாகப் பதிந்து, நாவல் பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. கைமுட்டியின் தோல் சுருக்கம்வரை தெரிந்தது. தூணின் கை வந்து தொட்டதை நான் ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்தவன். வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

அவள் பயப்படவில்லை. உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து மூடினாள்.

"இது சீக்கிரம் ஆறிடக்கூடாது. அவர் எழுந்து நடமாடற வரைக்கும் இருக்கணும்" என்றாள்.

"எதுக்கு?"

"கொண்டுபோய் அவருக்குக் காட்டணும். இல்லேன்னா நாம பாவம் பார்த்து விழுந்தோம்னு நினைச்சுக்குவார்."